அரளிப் பருந்து அந்துப்பூச்சி: தொட்டிச்செடியிலிருந்து வரைபடப் புள்ளி வரை

நந்தியாவட்டைத் தொட்டிக்கு அடியில் மிளகு மிளகாகக் கரும்பச்சைப் புழுக்கை கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். நேர் மேலே ஒரு கிளையில் தளிரெல்லாம் காணாமல் போய், காம்புகள் மட்டும் குச்சி குச்சியாக நிற்கும். அதே கிளையில்தான் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், விரல் பருமனில், இலையின் அதே பச்சையில். பகலில் பத்து நிமிடம் தேடியும் கண்ணில் படாத புழு, இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போனால் கிளை நுனியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கும்.

அரளிப் பருந்து அந்துப்பூச்சியின், அறிவியல் பெயரில் டாஃப்னிஸ் நேரியின், புழு இது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டபோது அரளியின் பேரினப் பெயரான நீரியத்தையே இதற்கும் ஒட்டவைத்தார். ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் அரளியைவிட நந்தியாவட்டையிலும் நித்தியகல்யாணியிலும்தான் இது அதிகம் கண்ணில் படுகிறது. அவை வாசலிலேயே இருக்கின்றன என்பதும் ஒரு காரணம். மொட்டைமாடித் தொட்டிகளில் இப்போது பெருகிவிட்ட அடீனியத்தையும் விடாது. ஏழிலைப்பாலை, களா, சர்ப்பகந்தா எல்லாம் அதே குடும்பம், அதே பந்தி.

புழுவை வளர்த்து அந்துப்பூச்சியாக்கிப் பறக்கவிடுவது பாதி வேலைதான். எங்கே, எந்தச் செடியில், எந்த நாளில் கிடைத்தது என்பதை உயிரினப் பதிவுத் தளங்களில் பிழையில்லாமல் பதிவேற்றுவது மறுபாதி. இந்த இனத்தைப் பொறுத்தவரை அந்த மறுபாதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிடலாம்.

வரைபடத்தில் இரண்டு நிறம்

ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், மத்தியத்தரைக்கடலின் தென்கரை, மேற்காசியா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா என்று இதன் பரவல் நீளமானது. கோடையில் வடக்கே ஐரோப்பாவுக்குள் ஏறி, அபூர்வமாகப் பிரிட்டன் வரைக்கும் போய்விடும். ஆனால் போய்ச் சேர்வது வேறு, நிலைத்து வாழ்வது வேறு. சிசிலி, கிரீட், சைப்ரஸ் போன்ற தீவுகளின் கதகதப்பான கரையோரம் வரைதான் இதற்கு நிரந்தர வாசம். அதற்கு வடக்கே வருகிறவை முட்டையிடலாம், புழுக்களும் வளரலாம், ஆனால் உறைபனிக் காலத்தைத் தாண்டுவதில்லை.

காரணம் கூட்டுப்புழுவில் இருக்கிறது. ஐரோப்பாவின் பிரிவெட் பருந்து அந்துப்பூச்சி போன்றவை குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகவே தூங்கிவிடும். டாஃப்னிஸ் நேரிக்கு அந்தத் தூக்கம் கிடையாது. கூடு கட்டினால் வளர்ச்சி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குளிர் குறுக்கே வந்தால் செத்துப்போகும். அதனால்தான் இதன் வரைபடத்துக்கு இரண்டு நிறம் வேண்டியிருக்கிறது: இனப்பெருக்கம் நடக்கும் பரப்பு ஒன்று, வந்துபோகும் பரப்பு இன்னொன்று. விளக்கடியில் எடுத்த அந்துப்பூச்சிப் படம் இரண்டாவதை மட்டும்தான் சொல்லும். நல்ல பறப்பாளி, எங்கிருந்தோ வந்திருக்கலாம். செடியில் கிடைத்த புழுவோ இங்கே முட்டையிட்டது, இந்தச் செடியைத் தின்றது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு புழுப் பதிவு பத்து விளக்கடிப் படத்துக்குச் சமம்.

தேவையானவை

சின்னப் புழுக்களுக்கு மூடியுள்ள ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் ஓட்டை போடத் தேவையில்லை. தினமும் திறந்து துடைப்பதால் காற்று போதும், இலையும் வாடாது. பெரிய புழுக்களுக்குப் பத்து லிட்டர் பக்கெட், வாயில் கொசுவலைத் துணி, சுற்றிலும் எலாஸ்டிக். உள்ளே நிறுத்த ஒரு சின்ன மருந்துப் பாட்டில், அதன் கழுத்தை அடைக்கப் பஞ்சு. டிஷ்யூ பேப்பர், மெல்லிய ஓவிய பிரஷ், தண்ணீர் தெளிப்பான். கூடு கட்டும் கட்டத்துக்குக் கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) அரைக்கிலோ. கடைசியாக, குறைந்தது 30 செ.மீ. உயரமுள்ள வலைக்கூண்டு. துணிக்கடையில் கிடைக்கும் கொசுவலைத் துணியைக் கம்பிச் சட்டத்தில் தைத்தால் ஆயிற்று.

பக்கெட்டைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். எறும்பு ஒருமுறை வழி கண்டுபிடித்துவிட்டால் ஒரே இரவில் சின்னப் புழு ஒன்றுகூட மிஞ்சாது.

அரளி இலையைக் கையாள்கிறவர்கள் கவனிக்க: ஒலியாண்ட்ரின் உள்ளிட்ட இதய நஞ்சுகள் இலை, பட்டை, பூ எல்லாவற்றிலும் உண்டு. புழுவை அது ஒன்றும் செய்யாது, நம்மைச் செய்யும். இலை வெட்டும் கத்தரிக்கோல் சமையலறைக்குப் போகக்கூடாது. கிளை நின்ற தண்ணீரும் நஞ்சுதான். நாய், பூனை, ஆடு நக்காத இடத்தில் கொட்டுங்கள். கழித்த குச்சிகளை எரிக்க வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அரளியை விட்டுவிட்டு நந்தியாவட்டையில் வளர்ப்பதே நல்லது.

முட்டையும் முதல் மூன்று பருவமும்

முட்டை ஒன்றரை மில்லிமீட்டர், வெளிர்பச்சை உருண்டை. தளிரிலைகளில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், தனித்தனியாக ஒட்டியிருக்கும். இலையோடு கிள்ளி எடுங்கள், சுரண்டாதீர்கள். நம் ஊர் 28 முதல் 30 டிகிரியில் மூன்று நான்கு நாளில் பொரியும். முட்டை கறுத்துப்போனால் உள்ளே முட்டை ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது என்று பொருள். தூக்கி எறிய வேண்டாம், அதுவும் ஒரு பதிவுதான். சின்னக் குப்பியில் போட்டுப் பஞ்சால் அடைத்து வையுங்கள்.

பொரிந்த குஞ்சுப் புழு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், வெளிர்மஞ்சள். பின்பக்கத்தில் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் தலைமுடி போன்ற கறுப்புக் கொம்பு. ‘கொட்டுமா’ என்று கேட்காதவர் கிடையாது. கொட்டாது. அது கொடுக்கு அல்ல, மென்மையான ஒரு நீட்சி. வளர வளர அது குட்டையாகித் தடித்து, கடைசிப் பருவத்தில் (ஒரு தோலுரிப்பிலிருந்து அடுத்தது வரை ஒரு பருவம்) கீழ்நோக்கி வளைந்த மஞ்சள் கொக்கியாக நின்றுவிடும்.

குஞ்சுப் புழுவை விரலால் எடுக்கக்கூடாது. பிரஷ் நுனியை ஈரப்படுத்தி, பின்பக்கமிருந்து தொட்டு ஏற்றுங்கள். ஒரு டப்பாவுக்கு ஐந்தாறு போதும். அடியில் டிஷ்யூ, அதன்மேல் இரண்டு மூன்று இளம் இலை, தினம் ஒருமுறை மாற்றம். மூடியின் உட்புறம் வியர்த்துத் துளி கட்டினால் இலை அதிகம் என்று அர்த்தம். குறைத்துவிட்டு டிஷ்யூவை மாற்றுங்கள். அந்தத் துளியிலேயே சின்னப் புழு ஒட்டிக்கொண்டு செத்துப்போவதுண்டு.

எந்தச் செடியில் கிடைத்ததோ அதே செடியைக் கடைசி வரை கொடுங்கள். அரளியில் பிறந்த புழுவுக்கு நடுவில் நந்தியாவட்டையைக் கொடுத்தால், இலைமேல் ஏறி இறங்கிப் பட்டினி கிடந்தே சாகும் ஆபத்து உண்டு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குஞ்சுப் பருவத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

புழு தின்னாமல், இலை நரம்பில் பட்டுநூல் விரித்து, தலையைத் தூக்கியபடி ஒருநாள் அசையாமல் இருந்தால் நோய் என்று நினைத்துப் பிரித்து எடுக்காதீர்கள். சட்டை உரிக்கும் நேரம் அது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இதைத்தான் ‘தூக்கம்’ என்கிறார்கள். அந்த நூல் விரிப்பில்தான் பின்கால்கள் மாட்டியிருக்கின்றன. பிடுங்கி எடுத்தால் பிடிமானம் போய், பழைய தோல் பாதியில் நின்றுவிடும். வளர்ப்பவர் கையால் சாகும் புழுக்களில் பல இப்படித்தான் போகின்றன. அசையாத புழுவை அது உட்கார்ந்திருக்கும் இலையோடு வெட்டிப் புது இலைமேல் வைத்துவிடுங்கள்.

பெரிய புழு

மூன்றாம் பருவத்தைத் தாண்டினால் தலைக்குப் பின்னால் இரண்டு கண் புள்ளிகள் தெளிவாகிவிடும்: நடுவில் வெள்ளை கலந்த நீலம், சுற்றிக் கறுப்பு வளையம். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்து முன்உடலை உப்பவைக்கும். அப்போது அந்த இரண்டு புள்ளிகளும் நம்மைப் பார்ப்பதுபோலவே இருக்கும். பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, அதையொட்டிச் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் பொட்டுகள். பதிவுக்கான படத்தை இந்தப் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, கண் புள்ளி தெரிய முன்னாலிருந்து ஒன்று, செடியின் இலை அமைப்பு தெரிய ஒன்று.

ஐந்தாவது, அதாவது கடைசிப் பருவத்தில்தான் உண்மையான தீனி. ஏழெட்டு சென்டிமீட்டர் வரை வளர்ந்துவிடும். வாழ்நாள் தீனியில் பெரும்பங்கை இந்த ஐந்தாறு நாளில் தின்று தீர்க்கும். ஒரு புழுவுக்கு நாளொன்றுக்குச் சாண் நீளத்தில் மூன்று நான்கு நந்தியாவட்டைக் கிளை வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் புழுவை எடுத்துவிட்டு ஒரே ஒரு தொட்டிச்செடியோடு தவிப்பதைவிட, மூன்றை மட்டும் எடுத்து மற்றவற்றைச் செடியிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கிளையைப் பாட்டில் தண்ணீரில் நிறுத்துவதில் இரண்டு சிக்கல். ஒன்று பால். நந்தியாவட்டையை வெட்டிய இடத்தில் வடியும் பால் உறைந்து காம்பை அடைத்துவிடும். தண்ணீரில் நின்றபடியே கிளை மதியத்துக்குள் தொங்கிப்போவது இதனால்தான். வெட்டியதும் ஓடும் தண்ணீரில் கழுவி, வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்து, நீருக்குள்ளேயே நுனியை இன்னொரு முறை வெட்டி நிறுத்துங்கள். இரண்டு நாள் தாங்கும். இன்னொன்று, புழு காம்பு வழியாக இறங்கிப் பாட்டிலுக்குள் விழுந்து மூழ்குவது. கழுத்தில் பஞ்சை இறுக்கி அடைத்தால் அந்தக் கவலை இல்லை.

அரளித் தளிரில் மஞ்சள் அசுவினி அப்பியிருக்கும். அப்படியே வைத்தால் தேன்கழிவு வழிந்து புழுக்கையோடு ஒட்டி, பூஞ்சை கிளம்பும். குழாயடியில் நன்றாகக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் கொடுங்கள்.

நர்சரியிலிருந்து அன்றைக்கு வாங்கிவந்த செடியை வெட்டிப்போடவே கூடாது. இமிடாக்ளோபிரிட் போன்ற பூச்சிமருந்து ஊற்றியிருந்தால் அது இலைக்குள்ளேயே இருக்கும், கழுவிப் போகாது. தின்ற சில மணி நேரத்தில் புழு பச்சையாய்க் கக்கி, முறுக்கிக்கொண்டு, துவண்டுவிடும். சந்தேகமான செடி என்றால் ஒரு புழுவுக்கு மட்டும் கொடுத்து ஒருநாள் பாருங்கள். செடி சுத்தமாக இருந்தும் எல்லாப் புழுவும் ஒரே இரவில் துடித்துச் செத்தால், அறையில் எரிந்த கொசு லிக்விடைச் சந்தேகியுங்கள். கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு புழுவையும் விடாது. கொசுவத்தி, மாலையில் தெருவில் அடிக்கும் புகைமருந்து இரண்டுக்கும் இதே கதைதான்.

புழு கறுத்து, தோல் தளர்ந்து, தலைகீழாகத் தொங்கி, தொட்டால் துர்நாற்றத்தோடு நீர் வடிந்தால் அது வைரஸ் அல்லது பாக்டீரியா. காப்பாற்ற வழியில்லை. உடனே பிரித்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து டப்பாவை 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். நெரிசலும் ஈரமும் சேரும் இடத்தில்தான் இது பெரும்பாலும் வருகிறது. கடைசிப் பருவத்தில் ஒரு பக்கெட்டுக்கு மூன்று நான்கு புழுவுக்கு மேல் வேண்டாம்.

தோலின் மேல், குறிப்பாக முன்பக்கத்தில், அரிசி நொய் ஒட்டினாற்போல் வெள்ளைப் பொட்டு இருந்தால், புழுவுக்குள் ஒட்டுண்ணியாக வளரும் டாக்கினிட் ஈ முட்டையிட்டிருக்கிறது. புழு நன்றாகத் தின்னும், கூடும் கட்டும், ஆனால் அந்துப்பூச்சி வராது. டப்பாவில் பழுப்பு விதைகள்போல் ஈயின் கூடுகள் உருளும், சில நாளில் ஈ பறக்கும். ஏமாற்றம்தான். ஆனாலும் ஈயைப் படம் எடுத்து, எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். இந்த மாதிரித் தகவல் செடிப் பதிவைவிடவும் அரிது.

கூடு

நிறமாற்றம்தான் அடையாளம். பச்சை மங்கி முதுகு கரும்பழுப்பாகும், பக்கெட்டுக்குள் நிற்காமல் ஓட ஆரம்பிக்கும். இதில் ஒரு ஏமாற்று உண்டு: கடைசிப் பருவப் புழுக்களில் சில தின்னும்போதே பழுப்பாகத்தான் இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் புழுக்கையைப் பாருங்கள். வரிவரியாய்த் தெளிந்த உருண்டைக்குப் பதிலாகக் கொழகொழவென்று ஈரக் கழிவு வந்திருந்தால் குடலைக் காலி செய்துவிட்டது, இனித் தின்னாது.

அன்றே தனி டப்பாவுக்கு மாற்றுங்கள். அடியில் ஐந்து சென்டிமீட்டர் கோகோ பீட். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. மேலே காய்ந்த இலைகளையும் கசக்கிய டிஷ்யூவையும் போடுங்கள். இந்த இனம் ஆழமாகப் புதையாது. தரைச் சருகை நாலைந்து நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே படுக்கும். மேலே துணி போர்த்தி இருட்டில் வைத்து, ஒரு வாரம் திறக்காதீர்கள். இரண்டாம் நாள் ஆவலில் கிளறிப் பார்ப்பவர்களுக்கு, பாதி உரித்த தோலும் நசுங்கிய கூட்டுப்புழுவும்தான் மிஞ்சும். புதிதாக உரித்த கூட்டுப்புழு வெண்ணெய்போல் மிருது. இறுகச் சில நாள் ஆகும்.

இறுகியபின் வெளிர்பழுப்பு நிறம், உடம்பெங்கும் நுண்ணிய கறுப்புப் புள்ளி, நாக்கு மடிந்திருக்கும் இடத்தில் நடுவே ஒரு கறுப்புக் கோடு, மூச்சுத்துளைகளைச் சுற்றிக் கறுப்புப் பொட்டு. மெல்லத் தொட்டால் வயிற்றை ஆட்டும். அப்போது வலைக்கூண்டின் தரையில் ஈர டிஷ்யூ விரித்து மாற்றிவிடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் லேசாகத் தெளித்தால் போதும்.

பழைய ஐரோப்பியக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகிறோம், ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வித்தை குளிர்த்தூக்கம் உள்ள இனங்களுக்கு. வரைபடத்தில் வடக்கு எல்லையை வரைந்த அதே குளிர்தான் உங்கள் ஃப்ரிட்ஜுக்குள்ளும் இருக்கிறது.

சமவெளி வெப்பத்தில் 10 முதல் 14 நாள். வெளிவருவதற்கு முந்தைய நாள் கூடு கறுத்து, இறக்கையின் கோலம் தோலுக்கு உள்ளிருந்து தெரியும். பெரும்பாலும் இருட்டியபின்தான் வரும். வந்த கையோடு ஏதாவது சுவரில் ஏறித் தொங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கிய இறக்கை விரியாது. வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ஏறி ஏறிச் சறுக்கி, அரைமணி நேரத்தில் இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும். அதற்குப் பிறகு சரிசெய்ய முடியாது. முப்பது சென்டிமீட்டர் வலைக்கூண்டு கேட்டதன் காரணம் இதுதான். தரையில் செம்பழுப்பாய்த் தெறித்திருப்பது ரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

விரித்தால் ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர்: கரும்பச்சை, இளம்பச்சை, ரோஜா, வெள்ளை கலந்த பளிங்குக் கோலம். ராணுவச் சீருடை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். முன்இறக்கையின் நுனியில் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இருந்து, நிறமும் இன்னும் அடர்த்தியாக இருந்தால் நெருங்கிய உறவான டாஃப்னிஸ் ஹைபோதஸ் ஆக இருக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் அதுவும் உண்டு.

பதிவேற்றம்

ஐநேச்சுரலிஸ்ட், மாத்ஸ் ஆஃப் இந்தியா போன்ற தளங்களில் போடும்போது நாளையும் இடத்தையும் புழு கிடைத்த நாளாக, புழு கிடைத்த இடமாகக் கொடுங்கள். டப்பாவில் அந்துப்பூச்சி வெளிவந்த நாளைப் போட்டால், காட்டில் அது பறக்கும் பருவமே தவறாகக் காட்டப்படும். அந்துப்பூச்சியின் படத்தைத் தனிப் பதிவாக்கினால் ‘வளர்க்கப்பட்டது’ என்று குறித்து, புழுப் பதிவின் இணைப்பைக் குறிப்பில் சேருங்கள்.

செடியின் பெயரில்தான் அதிகக் குழப்பம். ‘அரளி’ என்று மட்டும் எழுதினால் செவ்வரளியா, மஞ்சளாய்ப் புனல்போல் பூக்கும் பொன்னரளியா என்று தெரியாது. இரண்டும் வேறு வேறு பேரினம். இலங்கையில் அலரி என்பார்கள். பழைய அகராதிகளில் வரும் ஈழத்தலரியோ கோயில் வாசலில் நிற்கும் புளுமேரியா. அந்தப் புளுமேரியாவில் கறுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட பெரிய புழுவின் படம் இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அது அமெரிக்கக் கண்டத்து இனம், நம்முடையது அல்ல. தாவரப் பெயரைத் தமிழெழுத்திலோ லத்தீனிலோ முழுதாக எழுதி, பூவோடு ஒரு படமும் சேர்த்துவிட்டால் விவாதம் வராது.

விடுவிப்பது மறுநாள் மாலை, இருட்டுகிற நேரம், புழு எடுத்த அதே செடிக்குப் பக்கத்தில். நண்பருக்கு வேறு ஊரில் பரிசாகக் கொடுக்காதீர்கள். கூட்டுப்புழுவைக் கூரியரில் அனுப்பாதீர்கள். புது இடத்திலும் இது குடியேறிவிடக்கூடும். ஹவாய்த் தீவுகளில் இது 1974இல் முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதுவரை அந்தப் பக்கத்து வரைபடத்தில் இதற்குப் புள்ளியே கிடையாது. விடுவிக்கும்போது கூண்டின் மேல்துணியை விலக்கிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பறப்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் இறக்கைகளை விடாமல் நடுங்கவைத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். பயந்து நடுங்குகிறது என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டால் தரையில்தான் விழும்.